இயந்திரம் படித்த கையெழுத்து

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான், என் வீட்டுக்காரி, பாப்பா மூவரும் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, காதுக்கு டாக்டரிடம் போனாயா என்று எழுது. போன் செய்தால் "என்னது, என்னது" என்று பத்துத் தடவை கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் காலத்திலும் நாம் இரண்டு பேரும் தபால்காரரை நம்பிப் பேச்சு வார்த்தை நடத்திக்கொண்டிருக்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். சோதனை என்று நீ அனுப்பிய தாள் வந்து சேர்ந்தது. ஆவணப் பதிவறையில் முப்பத்தோரு வருடம் குப்பை கொட்டியதில் இவ்வளவு மோசமான கையெழுத்தைப் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தாய். உண்மைதான். அதை எழுதிய நில அளவையர் பேனாவால் எழுதினாரா விளக்குமாற்றால் எழுதினாரா என்று எனக்கும் சந்தேகம் வந்தது. எங்கள் இயந்திரம் படித்துவிட்டது, அக்கா. நாற்பது வரி, இருபது நிமிடம், ஒரே ஒரு தப்பு. பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்.

கீழ்த்தளத்தில் கண்ணாடி அறைக்குள் நீல விளக்கு மினுங்க இயந்திரம் நிற்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு மூன்றாவது மாடியில் வேலை, சரிபார்ப்புக் கூடத்துக்கு மேற்பார்வையாளர். அங்கே சொல்லும்படியாக ஒன்றும் இல்லை.

எங்கள் முதலாளி எந்நாளும் வெள்ளைச் சட்டைதான் போடுவார். அதனால் எங்களுக்குள் அவர் பெயரே வெள்ளைச்சட்டை. அடுத்த வாரம் கம்பெனியின் பங்குகளைச் சந்தைக்குக் கொண்டுவருகிறார். "கையால் எழுதியது எதுவானாலும் மனிதக் கை படாமல் படிப்போம்" என்று ஊரெல்லாம் விளம்பரம். நீயும் பார்த்திருப்பாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

*

பிப்ரவரி 21

பார்வை: உன் 3ஆம் தேதிக் கடிதம்.

தம்பிக்கு அக்காவின் ஆசிகள். முழங்கால் மாடி ஏறும்போது மட்டும் முனகுகிறது, நான் மாடி ஏறுவதில்லை. காது அப்படியேதான். பாப்பாவுக்குச் சளி விட்டதா என்று எழுதவில்லையே.

உன் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு, அடிக்கோலை வரி வரியாக நகர்த்தி, இரண்டு காலை நேரம் உட்கார்ந்து ஒப்பிட்டேன். அந்த அளவையர் கையெழுத்து எனக்குப் பிடிபட ஒரு வருடம் ஆயிற்று. உங்கள் இயந்திரத்துக்கு இருபது நிமிடம். பதினேழாவது வரியில்தான் அந்த ஒரு தப்பு. வேடிக்கை என்னவென்றால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அதே இடத்தில் அதே தப்பைச் செய்து பதிவாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நீ ஒன்றும் சொல்லாதே, நான் முடிவு செய்து காரியத்தையும் முடித்துவிட்டேன். ஓய்வு பெற்றபோது வந்த தொகை வங்கியில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் குடியிருக்கும் இந்த இரண்டு அறை வீட்டை எனக்கே விற்க வீட்டுக்காரர் சம்மதித்திருக்கிறார் என்று முன்பே எழுதியிருந்தேன். டிசம்பர் வரை பொறுப்பாராம். இருக்கும் தொகை போதாது. அதனால் மொத்தத்தையும் எடுத்து உங்கள் கம்பெனிப் பங்குகளை வாங்கிவிட்டேன். விளம்பரத்தைப் பார்த்து மயங்கி வாங்கவில்லை. என் தாளை நானே அனுப்பி, நானே சரிபார்த்து, என் தம்பி சொன்னதால் வாங்கினேன்.

வழக்கம்போல உன் கடிதத்துக்கு எண் போட்டுக் கோப்பில் சேர்த்தாயிற்று. சிரிக்காதே, பழக்கம் போகவில்லை.

அக்கா

*

மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியம். பாப்பாவுக்குச் சளி போய்விட்டது. ஓய்வுத் தொகை முழுவதையும் போடுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பாதியைப் போட்டிருக்கலாம். இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது. வேண்டுமானால் கொஞ்சத்தை மாற்றி வங்கியிலேயே போட்டு வை. அவசரம் ஒன்றும் இல்லை, சும்மா சொல்கிறேன்.

போன வாரம் ஒரு கூத்து. பெரிய முதலீட்டாளர்கள் கட்டிடத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். அவர்கள் கார் வாசலில் திரும்பும்போதே எங்கள் கூடத்துக்கு ஆள் ஓடி வந்தான். எல்லாரும் பின்படிக்கட்டு வழியாக இறங்கி, வண்டி நிறுத்தும் இடத்தில் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும் என்று உத்தரவு. விளக்கை அணைத்து, கூடத்தைப் பூட்டி, கதவில் 'பழைய பொருள்கள்' என்று பலகை மாட்டினார்கள். எங்களில் வயதான ஒரு அம்மா பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டுதான் வேலை செய்வார். அதனால் அவர் பூதக்கண்ணாடி அம்மா. அவர் வெயிலில் நின்றுகொண்டு, "நம்மளப் பார்த்தா மெஷினுக்குக் கூச்சமா இருக்கும் போல, அதான் வெளிய அனுப்பிட்டாங்க" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

வேறு விசேஷம் இல்லை.

உன் தம்பி

*

ஏப்ரல் 14

பார்வை: உன் மார்ச் 10 கடிதம்.

தம்பிக்கு ஆசிகள். நலம். உங்கள் பங்கு ஒன்றரை மடங்காகிவிட்டது என்று தரகர் அலுவலகத்தில் எழுதிப் போட்டிருந்தார்கள். வீட்டுக்காரரிடம் போய் டிசம்பர் வரை கூட இழுக்க வேண்டியிருக்காது என்று தைரியமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

நீ வேடிக்கை என்று எழுதியது எனக்கு வேடிக்கையாகப் படவில்லை. சரிபார்க்கிறவர்களை எதற்குப் பின்படிக்கட்டில் இறக்க வேண்டும்? பதிவறையில் மேலதிகாரி வந்தால் நாங்கள் ஆளோடு ஆளாக எழுந்து நிற்போம், யாரையும் ஒளித்து வைத்ததில்லை. உங்கள் கூடத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? இதற்கு மட்டும் பதில் எழுது. மற்றதை எழுத மறந்தாலும் பரவாயில்லை.

அக்கா

*

மே 27

அக்கா,

உன் பங்குகளை விற்றுவிடு. ஒன்றுகூட மிச்சம் வைக்காதே. அடுத்த வாரத்துக்குள் செய்.

நீ கேட்ட கேள்விக்கு ஆறு வாரமாகப் பதில் எழுதாமல் இருந்தேன். நூற்று அறுபத்திரண்டு பேர். இயந்திரம் அச்செழுத்தைப் படிக்கும். கையெழுத்தைக் கண்டால் திருதிருவென்று விழிக்கும். தாளெல்லாம் மூன்றாவது மாடிக்குத்தான் வரும், நாங்கள்தான் உட்கார்ந்து படித்துத் தட்டச்சு செய்வோம். கீழே திரையில் 'இயந்திரம் படிக்கிறது' என்று எழுத்து ஓடும். உன் தாளைப் பூதக்கண்ணாடி அம்மா படித்தார். நான் அவர் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

வெளியே சொல்லமாட்டேன் என்று கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். அதனால் உன்னிடம் மறைத்தேன் என்று சொல்லலாம். ஆனால் நான் ஒரு பெரிய இடத்தில் இருக்கிறேன் என்று நீ நினைக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. நீ பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவாய் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

கணக்குத் தணிக்கையாளர் நேற்றுப் பாதி வேலையில் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். வெள்ளைச்சட்டையின் அறைக்கு வெளியே அவர் சொன்னதை நான் கேட்டேன்: "இதுல நான் கையெழுத்துப் போட்டா என்னைத்தான் முதல்ல பிடிப்பாங்க." இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப்போடு. எண் போடாதே.

தம்பி

*

ஜூன் 18

பார்வை: உன் மே 27 கடிதம்.

தம்பிக்கு ஆசிகள். நான் நலம். சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது, ஆள் வந்து பார்த்து வாஷர் போய்விட்டது என்றான், மாற்றினான், மறுபடியும் ஒழுகுகிறது. முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொள்கிறேன். பக்கத்து வீட்டில் புதிதாகத் தையல்காரர் ஒருவர் குடி வந்திருக்கிறார், பகல் முழுவதும் மெஷின் ஓட்டுகிறார். எனக்குக் காது மந்தமானதில் இப்படி ஒரு லாபம்.

பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்பில் போட்டார்கள்? உன் வீட்டுக்காரியிடம் நான் கேட்டதாகச் சொல். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

ஜூலை 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். குழாயைப் பற்றி ஆறு வரி இருக்கிறது. நான் கேட்டதற்கு ஒரு வரி இல்லை. எதையும் எழுத்தில் வைக்கக்கூடாது என்று நீ உஷாராக இருக்கிறாய் என்று புரிந்துகொண்டேன்.

நீ பத்திரிகையில் படித்திருப்பாய். வேலையை விட்டுப்போன ஒரு பெண் எங்கள் கூடத்தைப் படம் எடுத்து வெளியிட்டுவிட்டாள். இரண்டே நாளில் பங்கு தரையைத் தொட்டது. மூன்றாம் நாள் சந்தைக் கண்காணிப்பு வாரியத்து அதிகாரிகள் ஒன்பது பேர் வந்தார்கள். சத்தம் போடவில்லை, யாரையும் அதட்டவில்லை. "யாரும் எழுந்திருக்க வேண்டாம், போனை மேஜை மேல வெச்சுட்டுக் கையை எடுத்துக்குங்க" என்று ஒரு அம்மாள் சொன்னார். ஒவ்வொரு போனையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எங்கள் கையெழுத்தை வாங்கினார்கள். அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது. வெள்ளைச்சட்டை அதற்கு முந்தின நாளே கம்பி நீட்டிவிட்டார்.

பிறகு ஆளுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். கம்பெனிப் பங்கு வைத்திருக்கும் நெருங்கிய உறவினர் யார் யார், இந்த ஆறு மாதத்தில் அவர்களிடம் கம்பெனி விவகாரம் எதையாவது சொன்னீர்களா என்று கேட்டிருந்தது. உன் பெயரை எழுதினேன். சொன்னீர்களா என்ற இடத்தில் இல்லை என்று எழுதினேன். எழுதும்போது பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது.

அக்கா, உள்ளே இருக்கிறவன் சொல்லி வெளியே இருக்கிறவர் விற்றால் சொன்னவனுக்கும் சிறை, விற்றவருக்கும் சிறை என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். எந்தத் தேதியில் விற்றாய்? வேண்டாம், அதை எழுதாதே. அந்தக் கடிதத்தைக் கிழித்தாயா, அதை மட்டும் சொல். வாசலில் மணி அடித்தால் பாப்பா என் முகத்தைப் பார்க்கிறாள். நேற்று மணியின் ஒயரைக் கழற்றிவிட்டேன்.

உன் தம்பி

*

ஆகஸ்ட் 9

பார்வை: உன் ஜூலை 16 கடிதம்.

தம்பிக்கு ஆசிகள். நலமாக இருக்கிறேன் என்று எழுதுவது வழக்கத்துக்காக. தூக்கம் சரியில்லை.

கடிதம் எதையும் நான் கிழிக்கவில்லை. எனக்குக் கிழிக்கத் தெரியாது. பத்திரமாக இருக்கிறது, அவ்வளவுதான் சொல்வேன்.

இங்கே ஒரு வக்கீலம்மா வந்திருந்தார். உங்கள் கம்பெனியில் பணம் போட்டு ஏமாந்தவர்களை எல்லாம் சேர்த்து ஒரே வழக்காகப் போடப்போகிறாராம். திருமண மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பேசினார். முன்வரிசையில் உட்கார்ந்ததால் எனக்கு முக்கால்வாசி கேட்டது. "முன்னெல்லாம் கணக்குல பொய் சொல்லி ஏமாத்துவாங்க. இப்ப மெஷின் தானா செய்யுதுன்னு பொய் சொல்றாங்க. இது மாதிரி எங்கிட்ட மட்டும் நாலு வழக்கு இருக்கு. இப்பல்லாம் கம்பெனிக்கு அபராதம் போட்டுட்டு விட்டுடறதில்ல, உள்ள தெரிஞ்சே வேலை பார்த்த ஆளையும் பிடிக்கிறாங்க" என்றார். உன்னை நினைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் ஒரு லாரி டிரைவர் உட்கார்ந்திருந்தார். சரிவதற்கு ஒரு மாதம் முன்னால்தான் வாங்கினாராம். வண்டிக்குக் கடன் அடைக்க வைத்திருந்த பணம். எழுந்து பேசப் போனவர் பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். படித்துப் பார்க்கலாம் என்று வாங்கி வந்தேன். அக்டோபர் 20 கடைசி நாள். கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் யாராவது உங்களுக்கு எழுதிய கடிதம் இருந்தால் இணைக்கவும் என்று அதில் போட்டிருக்கிறது.

மணியின் ஒயரை மாட்டு. பாப்பா பயப்படுகிறாள்.

அக்கா

*

செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

படிவம் வாங்கினேன் என்று நீ எழுதியதைப் படித்தேன். விற்றுவிட்டு வந்த உனக்கு அந்தக் கூட்டத்தில் என்ன வேலை என்று கேட்க நினைத்தேன். ஊரார் சந்தேகப்படக்கூடாது என்று போயிருப்பாய். அந்தப் படிவத்தை நிரப்பாதே. எந்தத் தேதியில் விற்றீர்கள் என்று அதில் கேட்பார்கள். நம் இரண்டு பேர் கழுத்துக்கும் அது ஒன்று போதும்.

என்னை மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அதே அறை, அதே அதிகாரி, அவருக்குச் சின்னக் குரல். கூடத்தில் எத்தனை பேர் என்று கேட்டார், சொன்னேன். உங்கள் அக்காவுக்கு ஏதாவது சொன்னீர்களா என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார், மூன்றாவது தடவையாக இல்லை என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

என் வக்கீல் ஒரு வழி சொல்கிறார். "முதல்ல போய் உண்மையைச் சொல்றவங்களுக்குத் தண்டனையைக் கொஞ்சம் குறைக்கிறாங்க. பின்னால போனா அந்தச் சலுகை கிடையாது. ஆனா முழுசாச் சொல்லணும். ஒண்ணை மறைச்சாலும் எல்லாம் போச்சு" என்றார். முழுவதும் என்றால் நான் உனக்கு எழுதியதும் அதில் உண்டு. என்னைக் காப்பாற்றிக்கொள்ள உன்னைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். அறுபத்தோரு வயதில் உன்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். பாதிக் கேள்வி உன் காதில் விழாது.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதிப் போடு. நான் வாயைத் திறக்கமாட்டேன், வருவது வரட்டும். இந்த மாதக் கடைசி வரை காத்திருப்பேன்.

உன் தம்பி

*

அக்டோபர் 5

அக்கா,

செப்டம்பர் முழுவதும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டே வாசலில் நின்றேன். அவர் தெருமுனையிலேயே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போவார். உனக்கு உடம்புக்கு ஏதாவது என்று பயந்து பக்கத்துத் தையல்காரரின் எண்ணைத் தேடிப்பிடித்துப் போன் செய்தேன். "அம்மா நல்லாத்தான் இருக்காங்க, காலைல கூட வாசல்ல பார்த்தேன்" என்றார். நல்லபடியாக இருந்துகொண்டு நீ எழுதவில்லை என்று தெரிந்தபோது இன்னும் பயமாகிவிட்டது.

மூன்றாம் தேதி நானே போனேன். வக்கீலைக்கூடக் கூட்டிப்போகவில்லை. வாரியத்தின் படிக்கட்டில் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்கினேன். மூன்றாவது தடவை அந்த அதிகாரியே மேலே இருந்து பார்த்துவிட்டு, "உள்ள வாங்க" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். கூடம், பின்படிக்கட்டு, பலகை, உன் தாள், இயந்திரம் படித்தது என்று உனக்கு எழுதிய பொய், கடைசியில் மே 27. "எங்க அக்காவை விக்கச் சொன்னேன் சார். அவங்களுக்குச் சட்டம் ஒண்ணும் தெரியாது. தம்பி சொல்றானேன்னு வித்துட்டாங்க. தண்டனையை எனக்கே குடுங்க" என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன், உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். கணினியில் எதையோ தட்டி, திரையை என் பக்கம் திருப்பினார். "உங்க அக்கா விக்கவே இல்லையே. பிப்ரவரியில வாங்கினது அப்படியே கிடக்கு. ஒரு பங்குகூடக் குறையல. இதை நாங்க ஜூலையிலயே பார்த்துட்டோம். நீங்களா எப்பச் சொல்வீங்கன்னுதான் பார்த்துக்கிட்டு இருந்தோம்" என்றார்.

வாங்கிய விலையும் இன்றைய விலையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நீ போட்ட பணத்தில் நூற்றுக்கு நான்கு ரூபாய்கூட மிச்சமில்லை. நான் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியாது.

நீ விற்காவிட்டாலும் விற்கச் சொல்லி நான் எழுதியது எழுதியதுதான், அதற்கு என்மேல் தனி விசாரணை வருமாம். அதைப் பற்றிக் கவலை இல்லை. ஏன் அக்கா? நான் அப்படிக் கெஞ்சி எழுதியும் ஏன் விற்கவில்லை? நான்கு மாதமாக நான் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். ஒரு வரி எழுதியிருக்கலாமே.

தம்பி

*

அக்டோபர் 13

பார்வை: உன் செப்டம்பர் 2, அக்டோபர் 5 கடிதங்கள்.

தம்பிக்கு அக்காவின் ஆசிகள். நான் சௌக்கியம். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று உன் வீட்டுக்காரியை எழுதச் சொல். நீ எழுதினால் பூசி மெழுகுவாய்.

ஏன் விற்கவில்லை என்று கேட்டாய். விற்கத்தான் போனேன். உன் மே மாதக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு தரகர் அலுவலகத்தில் வரிசையில் நின்றேன். விற்பனைச் சீட்டைக்கூட நிரப்பிவிட்டேன். எனக்கு முன்னால் ஒருவர் வாங்கும் சீட்டை வைத்துக்கொண்டு எதை எங்கே எழுதுவது என்று தெரியாமல் நின்றார். என்னிடம் நீட்டினார். நான் நிரப்பிக் கொடுத்தேன். உங்கள் கம்பெனிப் பங்குதான். "நல்ல கம்பெனிங்களாம்மா? நீங்களும் வாங்கத்தான் வந்தீங்களா?" என்று கேட்டார். நான் விற்றால் அதை வாங்கப்போவது இவரைப் போல ஒருத்தர்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு எழுத ஒரு தம்பி இருக்கிறான், அவருக்கு அப்படி யாரும் இல்லை. என் சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

இதை வைத்து என்னைப் பெரிய மனுஷி ஆக்கிவிடாதே. அவரிடம் "வாங்காதீங்க" என்று நான் சொல்லவில்லை. உன்னைப் பிடித்துவிடுவார்களோ என்று பயந்து, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் வாங்கினார். மண்டபத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லாரி டிரைவர் அவர்தான். என்னைப் பார்த்ததும் வணக்கம் வைத்தார்.

ஏன் உனக்கு எழுதவில்லை என்பதற்கும் பதில் சொல்கிறேன். முதலில் கோபம். ஒரு வயதான அம்மாளை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிவிட்டு, இயந்திரம் படித்தது என்று எனக்கே எழுதினாயே. நான் வரி வரியாக அடிக்கோல் வைத்து ஒப்பிட்டேனே. கொஞ்ச நாள் பயப்படட்டும் என்று இருந்தேன். செப்டம்பர் கடிதம் வந்தபோது கோபம் போய்விட்டது. உடனே எழுத உட்கார்ந்தேன், நான் விற்கவில்லை என்று முதல் வரியும் எழுதினேன். அப்புறம்தான் யோசித்தேன். அதைப் படித்தால் உன் பயம் தெளிந்துவிடும். பயம் தெளிந்தால் நீ உண்மையைச் சொல்லப் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பாய், எனக்கு உன்னைத் தெரியாதா? அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன். தினமும் தபால் பெட்டி வரை போய்த் திரும்பி வந்தேன். உனக்கு நான் செய்ததிலேயே கொடுமையான காரியம் இதுதான். நீ தாங்கமாட்டாயோ என்று நான் பட்ட பாட்டை எழுத எனக்குத் தெம்பில்லை.

வீடு கைவிட்டுப் போய்விட்டது. பணம் இல்லை என்று நானே சொன்னேன், வீட்டுக்காரர் வேறு ஒருவருக்கு விலை பேசிவிட்டார், பாவம், இனி டிசம்பர் வரை அவர் எதற்குப் பொறுக்க வேண்டும். நவம்பர் கடைசியில் காலி செய்கிறேன். பின் தெருவில் ஒற்றை அறை ஒன்று பார்த்திருக்கிறேன். கீழ்த்தளம்தான்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். வக்கீலம்மாவின் படிவத்தை நேற்று நிரப்பிக் கொடுத்துவிட்டேன். அதில் ஏழாவது இடத்தில் 'யாருடைய சொல்லை நம்பி வாங்கினீர்கள்' என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு மாதமாக அந்த ஒரு இடம்தான் காலியாக இருந்தது. 'என் உடன்பிறந்த தம்பி, அதே கம்பெனியில் மேற்பார்வையாளர்' என்று எழுதினேன். உன் பிப்ரவரிக் கடிதத்தையும் மே கடிதத்தையும் இணைத்திருக்கிறேன். வக்கீலம்மா இரண்டையும் படித்துவிட்டு, "உள்ள இருக்கிறவங்களுக்கு முன்னாடியே தெரியும்ங்கறதுக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இது உங்க ஒருத்தருக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் உதவும். ஆனா உங்க தம்பியையும் எதிர்த்தரப்புல சேர்க்க வேண்டியிருக்கும். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். யோசித்தாயிற்று என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நீயாகப் போய்ச் சொல்லிவிட்டாய் என்ற உன் கடிதம் வந்த பிறகுதான் அந்த இடத்தை நிரப்பினேன். நீ போகாமல் இருந்திருந்தால் நிரப்பியிருப்பேனா என்று கேட்காதே. எனக்கே தெரியாது.

உனக்கு நோட்டீஸ் வரும். மேலே என் பெயர் இருக்கும், கீழே உன் பெயர் இருக்கும், நடுவில் எதிர் என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துக் கலங்கிவிடாதே. முதல் விசாரணை ஜனவரியில் இருக்குமாம், இந்த ஊர் நீதிமன்றத்திலேயே. முந்தின நாளே கிளம்பி வந்துவிடு. புது இடத்தில் அறை சின்னதுதான், உனக்குப் பாய் போட இடம் இருக்கிறது. காலையில் நான் இட்லியோ எதுவோ செய்து வைக்கிறேன், சாப்பிட்டுவிட்டுச் சேர்ந்தே நடந்து போவோம். உள்ளே போனதும் நீ அந்தப் பக்கம் போய் உட்கார், நான் இந்தப் பக்கம் உட்கார்கிறேன்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

அக்கா